மருந்து மந்திரமல்ல

நமது நாட்டில் சில காலமாய் ஒரு புது வழக்கம் வேரூன்றி வருகிறது. ஒருவருக்கு நான்கு தும்மல் வந்துவிட்டால் போதும், நேரே மருந்துக்கடைக்குப் போகிறார். "நல்ல பவராய் இரண்டு மாத்திரை கொடு" என்கிறார். கடைக்காரரும் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை. அட்டையில் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் சற்றுத் தேவலை என்று தோன்றினால் மிச்ச மாத்திரை அலமாரிக்குள் போகிறது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தால் அதே மாத்திரை தர்மமாய் அங்கே போய்ச் சேருகிறது.

இப்படிச் செய்கிறவர்களில் அனேகர் தாயத்தையும் மந்திரிப்பையும் கண்டால் சிரிக்கிறவர்கள் என்பதுதான் வேடிக்கை. தாயத்துக் கட்டிக்கொள்ளுகிறவன் அதற்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எந்த வியாதிக்கு ஏற்றது என்று கேட்பதில்லை. மாத்திரை விழுங்குகிற நமது தோழரும் கேட்பதில்லை. அப்படியானால் தாயத்து கழுத்திலிருந்து வயிற்றுக்குள் போயிருக்கிறதே தவிர, புத்தியில் என்ன மாறுதல் ஏற்பட்டுவிட்டது என்று கேட்கிறோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. தாயத்து பலிக்காவிட்டால் கட்டிக்கொண்டவனுக்கு மட்டும்தான் நஷ்டம். ஆன்டிபயாடிக் என்கிற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டபடி விழுங்கினால் நஷ்டம் ஊருக்கெல்லாம் வருகிறது. அது எப்படி என்று கொஞ்சம் விவரமாய்ச் சொல்லுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

உடம்பா பழகுகிறது?

"அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிவிட்டது, இப்பொழுது கேட்பதில்லை" என்று ஜனங்கள் சாதாரணமாய்ச் சொல்லுவதுண்டு. இது முற்றிலும் தவறான எண்ணம். மருந்தைத் தாங்கும் சக்தி உண்டாவது உங்கள் உடம்பிற்கு அல்ல. உடம்பிற்குள் இருக்கும் பாக்டீரியாக் கிருமிக்குத்தான். இந்த ஒரு விஷயத்தைச் சரியாய்ப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். உடம்பு பழகுவதாயிருந்தால் அது உங்கள் சொந்த விஷயம். கிருமிக்கு அச்சக்தி வருவதாயிருந்தால், அந்தக் கிருமி உங்கள் இருமலிலும், கையிலும், கழிவிலும் புறப்பட்டு, அம்மருந்தை ஒருநாளும் தொட்டே இராத இன்னொருவரிடம் போய்ச் சேரும். அப்பொழுது அவருக்கும் அந்த மருந்து கேட்காது. ஆகவே இது தனி மனிதன் விஷயமல்ல, சமூக விஷயமாகும்.

மருந்து செய்யும் வேலை

பெனிசிலினையே எடுத்துக்கொள்ளுவோம். 1928-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பவர், தாம் கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சணம் விழுந்த இடத்தைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டார். அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டிலிருந்த புளோரி, செயின் முதலானவர்கள். பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பாக்டீரியா என்பது ஒரே அறையுள்ள ஒரு வீடு போன்றது. உள்ளே அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் வீடு வெடித்துவிடாதபடி சுற்றிலும் ஒரு சுவர் இருக்கிறது. சர்க்கரையும் புரதத்தின் சிறு துண்டுகளும் சேர்ந்த நீண்ட இழைகளைப் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே இணைத்து அச்சுவர் கட்டப்படுகிறது. குறுக்கே இணைக்கும் கொத்தன் வேலையைச் செய்வது ஒரு வகைப் புரதம். பெனிசிலின் என்ன செய்கிறதென்றால், அந்தக் கொத்தன் எடுக்க வேண்டிய துண்டைப்போலவே வேஷம் போட்டுக்கொண்டு அவன் கையில் போய் ஒட்டிக்கொள்ளுகிறது. ஒட்டினால் விடுவதில்லை. கை கட்டுண்ட கொத்தன் சுவரை எப்படிக் கட்டுவான்? சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகிறது. மனிதனுடைய அணுக்களுக்கு இந்தச் சுவர் கிடையாது. ஆகையால்தான் கிருமியைக் கொல்லும் மருந்து அதே மாதிரி நம்மைக் கொல்லுவதில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். ஜலதோஷம் வைரஸினால் வருவது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, கொத்தனும் இல்லை. சுவரே இல்லாத இடத்தில் சுவரைப் பிளக்கும் மருந்துக்கு என்ன வேலை? ஜலதோஷத்திற்கு இந்த மாத்திரையைத் தின்பதற்கும், வராத திருடனுக்குப் பயந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் அடிப்பதற்கும் வித்தியாசமில்லை. வயிற்றில் நமக்குத் தீங்கு செய்யாமல் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்தாம் வீணாய் அடிபடுகின்றன.

கிருமி தப்பும் வழிகள்

கிருமி தப்புகிற வழிகளில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, மருந்தையே வெட்டிவிடுவது. பெனிசிலினின் உயிர்நாடி அதிலுள்ள நாற்கோண வளையம். சில கிருமிகள் ஒரு நொதியைச் செய்கின்றன. அது அந்த வளையத்தில் தண்ணீரைச் சேர்த்து வளையத்தைத் திறந்துவிடுகிறது. வளையம் திறந்த பெனிசிலின் பல் பிடுங்கின பாம்பு. இந்நொதியை ஆப்ரஹாம், செயின் என்னும் இருவர் 1940-லேயே கண்டு வெளியிட்டார்கள். பெனிசிலின் ஜனங்களுக்குத் தாராளமாய்க் கிடைப்பதற்கு முன்பே அதை ஒழிக்கும் கத்தரி கிருமியிடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து போய் ஒட்டும் இடத்தை மாற்றிவிடுவது. மேற்சொன்ன கத்தரிக்கு அகப்படாதபடி மெதிசிலின் என்ற மருந்தைச் செய்து 1959-ல் உபயோகத்திற்குக் கொண்டுவந்தார்கள். 1961-லேயே, அதற்கும் அடங்காத சீழ்க்கிருமி இங்கிலாந்தில் இருப்பதாய் அறிக்கை வந்துவிட்டது. அக்கிருமி மருந்தை வெட்டவில்லை. வேறொரு ஜீனைக்கொண்டு புதுக் கொத்தன் ஒருவனை வைத்துக்கொண்டது. அவன் கையில் மருந்து சரியாய் ஒட்டுவதில்லை. பழைய கொத்தன் கை கட்டுண்டு கிடந்தாலும் புதியவன் சுவரைக் கட்டிக்கொண்டே போகிறான்.

மூன்றாவது, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக்கு இப்படி நடப்பதை 1980-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்பவரும் அவர் கூட்டாளிகளும் காட்டினார்கள். கிருமியின் தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல் மருந்தை இறைத்துக்கொண்டே இருக்கிறது.

நான்காவது, வாசலைச் சாத்திக்கொள்ளுவது. சில வகைக் கிருமிகளுக்கு வெளித்தோலில் சிறு துவாரங்கள் உண்டு. மருந்து அவற்றின் வழியே நுழைகிறது. அத்துவாரங்கள் குறைந்துபோனாலோ ஒடுங்கிப்போனாலோ மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது.

யார் கற்றுக்கொடுத்தது?

இதையெல்லாம் கேட்டவுடன், "கிருமிக்கு இவ்வளவு புத்தியா!" என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். கிருமிக்குப் புத்தியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. இதில் நடப்பதெல்லாம் வெறும் கணக்கு.

நல்ல தீனியும் சூடும் கிடைத்தால் குடலிலுள்ள ஒருவகைப் பாக்டீரியா 20 நிமிஷத்திற்கு ஒருமுறை இரண்டாய்ப் பிரியக்கூடியது. தடையில்லாமல் 10 மணி நேரம் இப்படிப் பெருகினால் ஒன்று 107 கோடிக்கு மேலாகிவிடும். பிரியும் ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ. என்கிற அதன் உள்ளெழுத்து முழுவதும் பிரதி செய்யப்பட வேண்டும். பிரதி எழுதுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் எங்காவது ஓர் எழுத்து மாறிப்போகும். பெரும்பாலான பிழைகளால் லாபமில்லை, பலவற்றால் கெடுதியே உண்டு. ஆனால் கோடிக்கணக்கான பிரதிகளில் ஏதோ ஒன்றில் விழும் பிழை, மருந்து ஒட்டும் இடத்தைச் சற்றே மாற்றிவிடுவதாய் அமைந்துவிடுகிறது. மருந்து வரும்போது மற்றவையெல்லாம் சாகின்றன, அது ஒன்று நிற்கிறது. மறுபடியும் அதுவே கோடியாகிறது.

மருந்தைக் கண்ட பிறகு கிருமி மாறுகிறதா, அல்லது மாறின கிருமி முன்பே இருக்கிறதா என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் ஊகத்தால் பதில் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். 1943-ல் லூரியா, டெல்புரூக் என்னும் இருவர், தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் ஒரு வைரஸோடு சேர்த்துத் தட்டுகளில் பரப்பினார்கள். எதிரியைக் கண்டபிறகுதான் மாறுகிறதென்றால் எல்லாக் குழாயிலும் தப்புகிறவற்றின் தொகை ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். ஆனால் அனேகக் குழாய்களில் ஒன்றுமே தப்பவில்லை, அல்லது மிகச் சிலவே தப்பின; ஏதோ சிலவற்றில் மட்டும் ஏராளமாய்த் தப்பின. முன்னதாகவே, தற்செயலாய், சில குழாய்களில் சீக்கிரமும் சிலவற்றில் தாமதமாயும் மாறுதல் ஏற்பட்டிருந்தாலன்றி இப்படி வராது.

1952-ல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பர்க் தம்பதிகள் இதை இன்னும் தெளிவாய்க் காட்டினார்கள். தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களை வெல்வெட்டுத் துணியில் ஒற்றி, முத்திரை குத்துவதுபோல் மருந்துள்ள வேறு தட்டுகளில் பதித்தார்கள். மருந்துத் தட்டில் பிழைத்த இடம் எதுவோ, மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து கிருமியை எடுத்து வளர்த்துக்கொண்டே போனார்கள். முடிவில், மருந்தை ஒருதரம்கூடக் கண்டறியாத கிருமியிலிருந்தே மருந்துக்கு அடங்காத வம்சம் கிடைத்தது.

ஆகவே மருந்து ஒரு சல்லடை. சல்லடை கல்லை உண்டாக்குவதில்லை. மாவைக் கீழே தள்ளிக் கல்லை மேலே நிறுத்துகிறது. அவசியமில்லாமல் நாம் சலிக்கிற ஒவ்வொரு சலிப்பும் கல்லைத்தான் பொறுக்கி வைக்கிறது.

கலப்புக்குத் தடையில்லை

இது நிற்க, கிருமிகளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கிருமியிடமுள்ள தப்பும் வித்தை அதன் சந்ததிக்கு மட்டும்தான் போகும் என்று எண்ண வேண்டாம். கிருமியின் முக்கிய டி.என்.ஏ. தவிர, பிளாஸ்மிட் என்கிற சிறு டி.என்.ஏ. வளையங்களும் பலவற்றிடம் உண்டு. ஒரு கிருமி பக்கத்திலுள்ள இன்னொன்றோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு அவ்வளையத்தின் பிரதியைக் கொடுத்துவிடும். வாங்குகிற கிருமி தன் இனமாய்த்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. நம்மவர்களைப்போல் ஜாதி பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்யும் வழக்கம் கிருமிகளுக்குள் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது ஜப்பானில். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு அங்கே சீதபேதி அதிகம், மருந்தும் அதிகம் புழங்கிற்று. 1950-களில், நான்கு மருந்துகளுக்கு ஒரேயடியாய் அடங்காத சீதபேதிக் கிருமி தோன்றிற்று. எழுத்துப்பிழை ஒன்றுதான் காரணமென்றால், ஒரே சமயத்தில் நான்கு பிழைகள் சரியாய் விழுந்திருக்க வேண்டும். அது நடக்கக்கூடியதல்லவே என்று ஆராய்ந்தார்கள். குடலில் சாதுவாய் வாழும் பாக்டீரியாவுக்கும் சீதபேதிக் கிருமிக்கும் இடையே நான்கு தடைகளும் ஒரே மூட்டையாய்க் கைமாறுகின்றன என்று 1959-ல் தெரிந்தது. நமது வயிற்றில் தீங்கில்லாமல் குடியிருக்கும் கிருமியை வீணாய் அடிக்காதே என்று மேலே சொன்னதன் காரணம் இப்பொழுது விளங்கும். இன்று நமக்குத் தீங்கு செய்யாதது, நாளைக்குத் தீங்கு செய்வதற்கு ஆயுதம் கொடுக்கும்.

பெயருக்குக் கோபம், சாக்கடைக்கு இல்லை

நமது நாட்டு விஷயம் ஒன்றையும் சொல்லுகிறோம். கார்பபெனெம் என்பது மற்ற மருந்துகள் தோற்றபின் ஆஸ்பத்திரிகளில் கையாளும் கடைசி மருந்துகளில் ஒன்று. இரண்டு துத்தநாக அணுக்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு அதையும் வெட்டிப்போடும் ஒரு நொதியைப்பற்றி 2009-ல் எழுதினார்கள். புதுடில்லியில் சிகிச்சை பெற்று சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் அக்கிருமி கிடைத்ததால், நொதியின் பெயரில் புதுடில்லி சேர்ந்தது. சென்னையிலும் அரியானாவிலும் பிற இடங்களிலும் அது இருப்பதாய் 2010-ல் லான்செட் குழுமத்துப் பத்திரிகையில் வெளிவந்தது. அக்கட்டுரையை எழுதியவர்களில் முதல்வர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்.

உடனே நமது நாட்டில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. எதற்காக? நமது தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்துவிட்டார்களே என்பதற்காக! 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், புதுடில்லியில் தெருவில் தேங்கிக் கசிந்த நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2-லும் அந்த ஜீன் இருந்தது. ஊர்ப் பெயரை நோயின்மேல் ஒட்டுவது நியாயமல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பெயருக்காக வந்த கோபத்தில் பாதியாவது சாக்கடைக்காக வந்திருக்க வேண்டாமா? சுத்தமான தண்ணீரும், மூடின சாக்கடையும், கக்கூசும் இருந்தால் வயிற்றுப்போக்கு குறையும். வியாதி குறைந்தால் மருந்துச் செலவு குறையும். மருந்து குறைந்தால் சல்லடையும் ஓயும். தடுப்பூசியும் இதே வேலையைச் செய்கிறது.

ஏழையின் மேல் பழி

படித்த கூட்டத்தார் சிலர், "பாமர ஜனங்கள் மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடுவதில்லை, அவர்களால்தான் இந்தக் கேடு" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு க்ஷயரோகத்தின் சரித்திரமே பதில் சொல்லும்.

1948-ல் பிரிட்டனில் வெளியான பரீட்சையில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து பலித்தது உண்மை. ஆனால் பெற்றவர்களில் அனேகரிடம் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிட்டது. அவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணெதிரே மருந்து போடப்பட்டவர்கள். அப்படியிருக்க ஏன் இப்படியாயிற்று? ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் காரணம். கணக்குப் பாருங்கள். ஐசோநையாசிடுக்கு அடங்காத கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று இருக்கும். நோயாளியின் நுரையீரல் குழியில் 10 கோடிக் கிருமிகள் இருந்தால், முதல் மருந்துக்குத் தப்பும் 100 கிருமிகள் முன்பே தயாராயிருக்கின்றன. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்புவது கோடி கோடியில் ஒன்றுதான். அது அங்கே இருப்பதற்கு இடமேயில்லை. பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுப்பதன் ரகசியம் இதுவே.

சென்னையில் 1956-ல் ஏற்பட்ட க்ஷயரோக சிகிச்சை நிலையத்தார், பட்டணத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும் ஒரு பகுதியாரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரு வருஷம் இரட்டை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் படுக்கையும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959-ல் உலகத்திற்கு அறிவித்தார்கள். மருந்தைக் கையில் சேர்ப்பித்து, வீடுதேடி வந்து விசாரித்தால் ஏழை ஒழுங்காய்க் குணமடைவான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறென்ன வேண்டும்? கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பகல் நிற்க முடியாதவன் கடையில் இரண்டு மாத்திரை வாங்குகிறான். அவனுக்குப் புத்தி சொல்லுவதற்கு முன் அந்த வரிசையைச் சுருக்குவது சர்க்காரின் கடமை.

சர்க்கார் சட்டம் செய்யாமலும் இல்லை. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்றும், விற்றதைப் பேரேட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டுமென்றும் 2014 மார்ச் முதல் விதி அமுலுக்கு வந்தது. கோழி முதலியவற்றின் தீனியில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற கடைசி மருந்தை அப்படி உபயோகிப்பதை 2019-ல் தடுத்தார்கள். விதி காகிதத்திலிருந்து கடைக்கு வருவதற்கு, கேட்கிற ஜனங்கள் வேண்டும்.

புது மருந்து வராதா?

"விஞ்ஞானிகள் புது மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். இதுவும் ஒருவிதத் தலைவிதி நம்பிக்கையே. எவரோ ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதானே அது? சில நாள் மட்டும் தின்று நிறுத்திவிடும் மருந்தில், ஆயுள் முழுவதும் தின்னும் மருந்தைப்போல் லாபம் கிடையாது. அமெரிக்காவில் 2018-ல் புது ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு அனுமதி பெற்ற கம்பெனி 2019-ல் திவாலாயிற்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவினால் நேராய் நேர்ந்த சாவுகள் 2019-ல் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிரசவமும், ஆபரேஷனும், குழந்தையின் நிமோனியாவும் பயமில்லாமல் கடப்பதெல்லாம் இம்மருந்துகள் கேட்கிறவரையில்தான்.

பிளெமிங்கே தமது 1945-ம் வருஷத்து நோபல் சொற்பொழிவில், தொண்டைவலிக்காரன் ஒருவன் தானே பெனிசிலினை வாங்கிக் குறைவாய்ச் சாப்பிட்டு, கிருமியைக் கொல்லாமல் கெட்டிப்படுத்தி, அதைத் தன் மனைவிக்குக் கொடுத்து, அவள் மருந்து கேட்காமல் சாவதாய் ஓர் உதாரணம் சொல்லி எச்சரித்தார். குற்றவாளி யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் தோழர்களே! ஜலதோஷத்திற்கு இம்மருந்தைக் கேட்காதீர்கள். டாக்டர் எழுதினால், இது பாக்டீரியா வியாதிதானா, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள். சில வியாதிக்குச் சில நாளே போதும், க்ஷயத்திற்கு மாதக்கணக்கு வேண்டும். அளவைத் தீர்மானிக்க வேண்டியது சோதனையும் டாக்டரும்தானே ஒழிய, நமது தேவலையும் பக்கத்து வீட்டு யோசனையும் அல்ல. மிச்ச மாத்திரையைத் தானம் செய்யாதீர்கள். உங்கள் ஊர்ச் சாக்கடையைப்பற்றியும் ஆஸ்பத்திரியைப்பற்றியும் அதிகாரிகளைக் கேளுங்கள்.

மருந்து மனிதனுடைய அறிவினால் வந்தது. அது நிலைப்பதும் மனிதனுடைய அறிவினால்தான் முடியும். புத்தியில்லாத கிருமி வெறும் கணக்கினால் பிழைத்துக்கொள்ளுகிறது. புத்தியுள்ள நாம் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகும் மாத்திரையை மந்திரமாய் நினைத்து விழுங்குவோமானால், நமக்குப் புத்தி இருந்து என்ன பயன் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.